காலித் தொட்டில்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் குழந்தைக் காப்பகங்களின் மறைவு

1. கேள்வியும் அதன் எல்லையும்

ஒரு பள்ளிக்கூடம் மூடப்பட்டால் ஊர் கூடிப் பேசும்; ஓர் ஆலை மூடப்பட்டால் சட்டசபையில் கேள்வி எழும்; குழந்தைக் காப்பகம் ஒன்று மூடப்படும்போதோ, மறுநாள் காலையில் பிள்ளையை இடுப்பில் ஏந்தியவளாய்ப் பூட்டிய கதவின்முன் வந்து நிற்கும் தாயைத் தவிர அதை அறிவார் பெரும்பாலும் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பெருந்தொற்றுக் காலத்தில் காப்பகங்கள் நிலைத்து நிற்பதற்கென்று அந்நாட்டு மத்திய அரசு ஒதுக்கிய 2,400 கோடி டாலர் உதவி 2023 செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிவுற்றபோது, எந்த மாகாணத்தில் எத்தனை காப்பகங்கள் கதவடைக்கும் என்பது பத்திரிகைகளிலும் சட்ட மன்றங்களிலும் பெரிய விவாதமாயிற்று. உரிமப் பதிவேடு என்று ஒன்று அங்கே இருப்பதால், அதில் ஒரு பெயர் அடிக்கப்படும்போது அந்த அடித்தல் கண்ணுக்குப் புலப்படுகிறது.

நம்முடைய நிலைமை வேறு. தமிழ்நாட்டில் மழலையர் விளையாட்டுப் பள்ளிகள் 2015ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகளின்கீழ்க் கல்வித் துறையின் அங்கீகாரத்தை நாடுகின்றன. அங்கன்வாடிகள் சமூக நலத் துறையைச் சார்ந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் வசம் உள்ளன. தொழிற்சாலைக்குள் இருக்கும் காப்பகத்தைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் பார்வையிடுகிறது. தொண்டு நிறுவனங்கள் அரசு மானியத்தால் நடத்திய காப்பகங்களோ சமூக நல வாரியத்தின் கணக்கிலும் குழந்தை நலச் சங்கத்தின் கணக்கிலும் இருந்துவந்தன. நான்கு பேரேடுகள், அவற்றை ஒருசேர விரித்துக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு எவருடையது என்பது வரையறுக்கப்படவில்லை.

இந்நிலையில், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால், ஒரகடம் என்று சிப்காட் பூங்காக்கள் சங்கிலித் தொடராய் அமைந்துள்ள காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஒரே ஒரு கேள்வியைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெண்கள் ஆயிரம் ஆயிரமாய் வேலைசெய்யும் இடத்தில் காப்பகங்கள் அரிதாகவும், இருப்பவை பிள்ளைகளின்றியும் காணப்படுவது, காப்பகத்துக்குத் தேவை இல்லை என்பதற்குச் சாட்சியமாகுமா? ஆகும் என்பதே நிர்வாகத்தாரும் அதிகாரிகளிற் பலரும் கொண்டிருக்கும் அபிப்பிராயம். ஆகாது என்பதற்குரிய காரணங்களை இங்கே கூற முற்படுகிறேன்.

2. சட்டம் எந்தத் தலையை எண்ணியது?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தினுடைய 48ஆம் பிரிவு, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வழக்கமாக வேலைசெய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும், அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று காற்றும் வெளிச்சமும் உள்ள அறையை, பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அமைக்கவேண்டும் என்று விதித்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஐம்பதை முப்பதாகக் குறைத்தது. இவ்விதியை எழுதியவர்களின் மனக்கண்ணில் நின்றவள் யார் என்பதை ஊகிப்பது கடினமன்று. பெரம்பூரில் ஆலையின் சங்கொலி கேட்கும் தூரத்தில் குடியிருந்து, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வாயிலுக்கு வந்து, இடைவேளையில் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் தறிக்குத் திரும்பும் ஆலைத் தொழிலாளியே அவள். சட்டத்தின் வாசகம் முழுவதும் அவளுடைய நடைதூரத்தை அளவுகோலாகக் கொண்டது.

இதனோடு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அச்சட்டம், திருத்தப்பட்ட வடிவில், பெண் தொழிலாளர் ஐம்பது பேர் இருந்தாலும் சரி, அவர்களுடைய குழந்தைகள் இருபது பேர் இருந்தாலும் சரி, காப்பகம் அமைப்பது கடமை என்று இரண்டு வழியாகவும் கணக்கெடுத்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்துவிட்டாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்கச் சொன்னது. இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் இத்தகைய இடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். அச்சொல்லிலேயே பிள்ளை முன்னால் நிற்பதைக் கவனிக்கலாம். தொழிற்சாலைச் சட்டமோ பெண்ணின் தலையை மட்டும் எண்ணியது. ஆகவே, முப்பது பெண்களை எட்டாத கார்த் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான தகப்பன்மார் வேலைசெய்தாலும் அவர்களுடைய பிள்ளைகள் கணக்கில் வந்தாரில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைசெய்யும் மின்னணுத் தொழிற்சாலையிலோ, கடமை உண்டாகிவிட்டபோதிலும், அப்பெண்களுக்குப் பிள்ளைகள் இல்லாதபடி பார்த்துக்கொண்டால் கடமை வெறும் அறையோடு நின்றுவிடும் என்றாயிற்று.

2017ஆம் ஆண்டில் மகப்பேறு நலச் சட்டத்துக்கு வந்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, ஆண் பெண் பேதமின்றி ஐம்பது ஊழியர் உள்ள எந்த நிறுவனமும் காப்பக வசதி செய்யவேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் கூறியது. இதனைப் பெரிய முன்னேற்றமென்று பலர் வரவேற்றனர். எனினும், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (ஈ.எஸ்.ஐ.) சட்டம் பொருந்தும் தொழிற்சாலைகளுக்கு, இரண்டொரு பிரிவுகள் நீங்கலாக, மகப்பேறு நலச் சட்டம் பொருந்தாது என்று அச்சட்டத்தின் 2ஆம் பிரிவே சொல்லியிருந்தது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் ஈ.எஸ்.ஐ. அட்டைக்காரப் பெண்களே நிறைந்த இவ்வட்டாரத்துத் தொழிற்சாலைகள் இந்தப் புதிய கடமைக்கு உட்பட்டவையா என்பது ஆகவே வாதத்துக்கு இடமாயிற்று. வாதம் ஓடிக்கொண்டிருக்கையில் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

3. மானியக் காப்பகங்கள் குன்றியது

தொழிற்சாலை மதிலுக்கு வெளியே இருந்த ஏற்பாடுகளின் வரலாறு இன்னும் தெளிவானது. 1975இல் தொடங்கிய உழைக்கும் மகளிரின் குழந்தைகளுக்கான காப்பக உதவியும், 1994இல் உண்டான தேசியக் காப்பக நிதியும் இணைக்கப்பட்டு, 2006 ஜனவரி முதல் ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டமாயின. அதன்கீழ் ஒரு காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குக் கிடைத்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். இந்தத் தொகைக்கு எவ்விதப் பராமரிப்பை எதிர்பார்க்கலாம் என்று கேட்பவர்கள், இந்தத் தொகைக்கும் அப்பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

2015ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நாடெங்கும் 23,000க்கு மேற்பட்ட காப்பகங்கள் இத்திட்டத்தில் இருந்தன. 2017 ஜனவரியில் திட்டத்தின் பெயரும் நிர்வாகமும் மாறின. வாரியமும் சங்கமும் விலக, மாநிலங்கள் பொறுப்பேற்றன. மத்திய அரசின் பங்கு 60 சதவீதமாகக் குறைய, மாநிலம் 30 சதவீதமும் நடத்தும் தொண்டு நிறுவனம் 10 சதவீதமும் ஏற்கும்படி ஆயிற்று. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாராளுமன்றத்துக்கு அரசு தெரிவித்த எண்ணிக்கை 6,453. ஐந்தாறு ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமானவை எஞ்சின. பஞ்சமோ போரோ நேர்ந்து இவை மூடப்படவில்லை. நிதிப் பங்கீட்டின் சதவீதம் மாறியது, கணக்கைச் சரிபார்க்கும் அலுவலகம் மாறியது, தவணை தாமதமாயிற்று, வாடகையும் பாலும் பாக்கி நின்றன, இவ்வளவே போதுமானதாயிற்று.

2022 ஏப்ரலில் மிஷன் சக்தி என்னும் பெருந்திட்டத்தின் அங்கமாக இது ‘பால்னா’ என்னும் பெயரில் மீண்டும் உருமாறி, 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகமும் சேர்ந்தவையாக மாற்றும் இலக்கை ஏற்றது. பால்னா என்ற இந்திச் சொல்லுக்குத் தொட்டில் என்று பொருள். தமிழ்நாட்டிலோ தொட்டில் என்று பெயர் தாங்கிய அரசுத் திட்டம் 1992இல் சேலத்தில் பிறந்தது. பெற்றோர் வேண்டாமென்று விட்ட சிசுக்களை ஏற்பதற்கானது அது. வேலைக்குப் போய் மாலையில் பிள்ளையை வாங்கிக்கொள்ள விரும்பும் தாயைச் சுட்டுவதற்கு நம் நிர்வாக மொழியில் நல்லதொரு சொல் இன்னும் அமையவில்லை என்பது வேடிக்கையான விஷயமாய்த் தோன்றலாம். எனக்கு அது வேடிக்கையாய்ப் படவில்லை.

4. தேவையில்லை என்னும் வாதம்

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துரைப்பதே நியாயம். தமிழ்நாட்டின் கருவள விகிதம், 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 1.8, பிள்ளைகள் குறைந்தபின் காப்பகமும் குறைவது இயற்கை. இரண்டாவதாக, நம் குடும்பங்களில் பாட்டி இருக்கிறாள். அந்நியர் கையில் குழந்தையை ஒப்படைக்கத் தாய்மார் விரும்புவதில்லை. மூன்றாவதாக, இவ்வட்டாரத்துப் பெண் தொழிலாளரிற் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர், மணமாகாதவர். அவர்களுக்குக் காப்பகம் எதற்கு?

முதல் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஜப்பானில் காப்பக இடத்துக்காகக் காத்திருந்த குழந்தைகளின் எண்ணிக்கை 2017 ஏப்ரலில் 26,081 ஆக இருந்து 2023 ஏப்ரலில் 2,680 ஆக இறங்கியது. காப்பகங்கள் பெருகியதும் பிறப்புகள் குறைந்ததும் ஆகிய இரண்டும் சேர்ந்து அவ்விளைவைத் தந்தன. ஆனால் அங்கே காத்திருப்போர் பட்டியல் இருந்தது. தேவை குறைந்தது என்று சொல்வதற்கு முன்னால் தேவை எவ்வளவு என்று எழுதிவைத்திருந்தார்கள். ஒருநாளும் எழுதிவைக்கப்படாத தேவை குறைந்துவிட்டது என்று கூறுவது அனுமானத்தின் மேல் எழுப்பிய அனுமானம்.

பாட்டியைப் பற்றிய வாதம் உணர்ச்சிக்கு இதமானது. அதனாலேயே எச்சரிக்கையோடு அணுகத்தக்கது. பதினெட்டிலோ இருபதிலோ மணமுடித்த தாயின் மகளும் அதே வயதில் பிள்ளை பெற்றால், பாட்டிக்கு வயது நாற்பதை ஒட்டியே இருக்கும். சுங்குவார்சத்திரத்திலும் மாத்தூரிலும் அந்த வயதுப் பெண்கள் வீட்டில் இருப்பதில்லை. அதே தொழிற்சாலைகளின் உணவுக்கூடங்களிலும் துப்புரவிலும் ஒப்பந்தக்காரரின் ஆட்களாய் வேலைசெய்கிறார்கள், அல்லது நூறுநாள் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளையை உண்மையில் பார்த்துக்கொள்கிறவர் வேறொருவராய் இருக்கலாம் என்பதைக் குழந்தைக் கல்வி ஆய்வாளர் மினா சுவாமிநாதன் போன்றோர் 1980களிலேயே சுட்டிக்காட்டினர்: காப்பகம் என்பது தாய், சேய் இருவரோடு முடிகிற பிரச்னையன்று, தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு முழுக்குப் போடும் மூத்த பெண்ணும் அதில் மூன்றாம் தரப்பு என்பது அவர்களது நிலைப்பாடு.

மூன்றாவது வாதமே பிரதானமானது. அதைத் தனியே ஆராயவேண்டும்.

5. தேர்வு முன்னது, வெறுமை பின்னது

2019–20ஆம் ஆண்டுத் தொழில்துறைக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருந்தனர். இப்பெருமைக்குப் பின்னால் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் வழங்கிய சுமங்கலித் திட்டம்: மணமாகாத பெண்ணை மூன்றாண்டு விடுதியில் வைத்து வேலைவாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தருவதாகச் சொல்லும் ஏற்பாடு. தாய்மை தொடங்கும் இடத்தில் வேலை முடியும்படி அது அமைந்திருந்தது. மற்றொன்று, 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையோடு வந்த மின்னணுத் துறை. பன்னிரண்டாம் வகுப்பையோ பட்டயப் படிப்பையோ முடித்த பெண்கள் அங்கே திரளாய்ச் சேர்ந்தனர். 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலை நின்றது. முதல் வருஷத்தில் பத்தொன்பது வயதில் சேர்ந்தவளுக்கு அப்போது இருபத்தேழு. தன் தொழிலாளிகள் தாய்மாராகி நிலைத்து வேலைசெய்யும் பருவத்தைக் காணுமுன்பே அந்த ஆலை மறைந்தது. பெரிய மின்னணு ஆலையில் காப்பகம் எப்படி நடக்கும் என்பதை இவ்வட்டாரம் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அத்தோடு கைநழுவிற்று.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூரில் ஐஃபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு ஆளெடுப்பில் மணமான பெண்கள் விலக்கப்பட்டதாக விரிவான செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு அதிகம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. நிறுவனம் பாரபட்சக் குற்றச்சாட்டை மறுத்தது. புதிதாய்ச் சேர்ந்தோரில் கால் பங்கினர் மணமானவர்களே என்று தெரிவித்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் விளக்கம் கோரியது. இவ்விரு கூற்றுகளுள் எது எந்த அளவு சரி என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. நிறுவனத்தின் கணக்கையே முழுதும் ஏற்றுக்கொண்டாலும், மணமாகாதவர் நாலில் மூன்று பங்கு என்று ஏற்படுகிறது. காப்பக அறையில் குழந்தையின் குரல் ஏன் கேட்கவில்லை என்பதற்கு அந்த விகிதமே போதிய விளக்கம். 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆளெடுப்பில் பெண் என்ற காரணத்தால் பேதம் காட்டுவதைத் தடுத்ததேயன்றி, மணமானவள் என்ற காரணத்தைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை என்பதும் இங்கே நினைவுக்கு உரியது.

இவ்வாறு, காப்பகம் வெறுமையாய் இருப்பது தேர்வின் விளைவு; அவ்விளைவையே எடுத்துவந்து காப்பகம் வேண்டியதில்லை என்பதற்குக் காரணமாக நிறுத்துவது தர்க்கத்தில் சக்கரமாய்ச் சுற்றுவது. கிணற்றைச் சுற்றி வேலிபோட்டுவிட்டு, தண்ணீர் சேந்த எவரும் வரவில்லை என்று சொல்வதை ஒக்கும்.

இதற்கு மறுபுறத்தில் கட்டப்படுவது என்ன? 2021 டிசம்பரில், பூந்தமல்லி விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 150க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்ததும் பலருக்கு ஞாபகமிருக்கும். அப்போராட்டத்துக்குப்பின் தங்குமிடம் அரசின் கவனத்துக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம்–வடகாலில், 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, பதின்மூன்று கட்டடங்களில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். இதைக் குறைகூறுவது என் எண்ணமன்று. நெருக்கடியில் படுத்துறங்கிய பெண்களுக்கு நல்ல கட்டில் கிடைத்தது நற்செயலே. ஆயினும் அக்குடியிருப்பின் அலகு படுக்கை, குடும்பமன்று. 1972–73இல் மத்திய அரசு வகுத்த உழைக்கும் மகளிர் விடுதித் திட்டத்தின் பெயரிலேயே குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகமும் சேர்ந்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னால் தலைப்பில் இடம்பெற்ற குழந்தை, பின்னால் கட்டடத் திட்டங்களிலிருந்து மெல்ல நழுவிவிட்டது.

6. தூரமும் நேரமும்

தொழிற்சாலை வாயிலில் காப்பகம் திறந்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறவர்கள், விடியுமுன் வந்தவாசியிலும் செய்யாற்றிலும் அரக்கோணத்திலும் புறப்படும் நிறுவனப் பேருந்துகளைப் பார்த்தவர்களாய் இரார். ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணத்தில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வரும் தாய் எவள்? முதல் ஷிப்டு முடிந்து வீடு சேரும்வரை, போக வர உட்படப் பதினோரு பன்னிரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பால்னா காப்பகம் திறந்திருக்கவேண்டிய நேரம் ஏழரை மணி. அங்கன்வாடியோ பிற்பகலிலேயே கதவடைத்துவிடுகிறது. இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவளுக்கு இவற்றால் அரை நாள் உதவிகூட இல்லை. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலைசெய்யலாகாது என்ற தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாதென்று தீர்த்தபின் உண்டான மூன்றாம் ஷிப்டைப் பற்றிச் சொல்லவேண்டியதே இல்லை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதாவை 2023 ஏப்ரலில் மாநிலச் சட்டசபை நிறைவேற்றிப் பின்னர் எதிர்ப்பின் காரணமாகத் திரும்பப்பெற்றது. அந்த விவாதத்தில் தொழிலாளியின் களைப்பு பேசப்பட்ட அளவுக்குத் தொழிலாளியின் பிள்ளை பேசப்படவில்லை.

வயதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 26 வார விடுப்பில் எட்டு வாரத்தைப் பேற்றுக்கு முன்பே எடுத்துக்கொண்டவள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம் சொச்சம். தமிழ்நாட்டு அங்கன்வாடியில் பிள்ளையை உட்காரவைப்பது இரண்டு வயதில். அதற்குமுன் வீட்டுக்குச் சத்துமாவு தருவார்களேயன்றிக் குழந்தையை வைத்துக்கொள்ளமாட்டார்கள். மாநிலத்தில் 54,000க்கு மேற்பட்ட மையங்கள் இருந்தும், இவ்வொன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு அவற்றால் தாய்க்குப் பயனில்லை. வேலையை விடுவதா வேண்டாமா என்று அவள் முடிவுசெய்வது இக்காலத்திலேதான்.

7. புதிய தொகுப்புகளும் எடுக்கவேண்டிய கணக்கும்

2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மேலே கூறிய குறைகளிற் சிலவற்றைக் காகிதத்தில் தீர்க்கின்றன. ஐம்பது தொழிலாளர் என்ற எண்ணிக்கையில் ஆணும் அடங்குவதால் தகப்பனின் பிள்ளையும் கணக்கில் வருகிறான். பல நிறுவனங்கள் கூடிப் பொதுக் காப்பகம் நடத்தவும், அரசோ உள்ளாட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் இடமுண்டு. இப்பிந்திய சலுகையைத் தந்திரமென்று சிலர் கருதக்கூடும்: தன் வாயிலில் காப்பகம் வைக்கவேண்டிய கடமையை, எங்கோ ஓரிடத்தில் பெயர்ப்பலகையாகக் கழித்துக்கொள்ள முதலாளிக்கு வழி கிடைக்கிறது என்பர். அந்த ஆபத்து மெய்யானதே. எனினும், தூரத்தைப் பற்றி மேலே சொன்னவற்றை ஏற்றால், பொதுக் காப்பகம் என்ற கருத்தே இவ்வட்டாரத்துக்கு அதிகம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது சிப்காட் வாயிலில் இராமல், பேருந்து புறப்படும் ஊரில், பேருந்தின் நேரத்துக்குத் திறந்து மூடுவதாய் இருக்கவேண்டும். அதற்குரிய பணத்தைத் தொழிற்சாலையிடமிருந்து வந்தவாசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் விதி எதுவும் தொகுப்புகளில் இல்லை.

அவ்விதியைக் கேட்கப் புறப்படுகிறவர்களிடம் முதலில் வினவப்படுவது, எத்தனை தாய்மாருக்கு இது வேண்டும் என்பதாகவே இருக்கும். வேலையில் இருப்பவர்களைக் கேட்டு இதற்கு விடை காண இயலாது. பிள்ளை பெற்று விலகியவள் சம்பளப் பட்டியலில் இல்லை, சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் இல்லை. ஆயினும் அவள் தடம் ஓரிடத்தில் பதிந்திருக்கிறது. காப்பீடு பெற்ற பெண் பேற்றுக்கால உதவி கோரும்போது ஈ.எஸ்.ஐ. கழகம் அவளது எண்ணையும் தேதியையும் பதிகிறது. அவள் வேலைக்குத் திரும்பியிருந்தால் அதே எண்ணில் சந்தாத் தொகை மறுபடியும் வரத் தொடங்கும், திரும்பாவிட்டால் நின்றுபோகும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் மருந்தகங்களைச் சார்ந்த பெண்களுள், உதவி பெற்ற ஓராண்டுக்குப்பின் எத்தனை பேரின் எண்ணில் சந்தா தொடர்கிறது என்று பார்ப்பதற்குப் புதிய ஆய்வுக் குழுவோ பெரும் பொருட்செலவோ அவசியமில்லை. கணிப்பொறியில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்து, பெயர்களை மறைத்து, எண்ணிக்கையை மட்டும் வெளியிடும்படி கேட்டால் போதும்.